உளி எங்கே, தம்பி?

சிற்பம் பயின்ற என் நண்பர் ஒருவர், உலோகத்தின் உதவியே இல்லாமல் கல், மூங்கில், நார் ஆகியவற்றை மட்டும் கொண்டு பார்வையாளர் முன்னிலையில் வேட்டைக் கருவிகள் செய்வதை நிகழ்த்துகலையாக அரங்கேற்றப் போவதாகவும், அதற்கு நானே உதவியாளன் என்றும் அறிவித்தார். 1863ஆம் ஆண்டு நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர் என்பதால், பல்லாவரத்தைத் தவிர வேறெங்கும் இதைச் செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே ஒரு வீட்டு முற்றம் கிடைத்தது.

கற்களுக்கு அத்திரம்பாக்கம் போகலாமா என்று கேட்டேன். சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கருவிகள் கிடைத்த இடத்திலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கலாகாது என்று கடிந்துகொண்டவர், தோட்ட அலங்காரக் கற்கள் விற்கும் கடையில் 10 கிலோ குவார்ட்சைட் என்னும் கடினக் கல் வாங்கி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோ எதனால் ஆனது என்று நான் கேட்கவில்லை.

கல்லின் விளிம்பில், செங்கோணத்துக்கும் குறைவான சாய்வில், உருண்டைக் கல்லொன்றால் ஓங்கித் தட்டினால் சில்லு பெயர வேண்டும். முதல் அரைமணி நேரம் ஓசை மட்டுமே பெயர்ந்தது. பிறகு தெறித்த சில்லின் கூர்மையை என் கட்டைவிரல்தான் முதலில் அறிந்தது. வில்லுக்கு நாண் திரிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. மரல் இலையின் சதையைக் கல்லால் வழித்து நாரெடுத்து, அதைத் தொடைமீது உருட்டித் திரிக்கும்போது தொடையின் முடியும் சேர்ந்தே திரிந்து வரும் என்று நான் பார்த்த எந்த அருங்காட்சியகப் பலகையும் எச்சரித்ததில்லை.

அவ்வேளையில், "டொக் டொக்" ஓசையைக் கேட்ட எதிர்வீட்டுப் பாட்டி, இரண்டு பேரன்கள் மூச்சிரைக்கத் தூக்கிவர, தம் அம்மியுடன் வந்து சேர்ந்தார். "கொத்தி ரொம்ப வருசமாச்சு, தம்பி. எவ்வளவு கேக்கறே?"

நண்பர் ஆதிமனிதனையும் உடலையும் வெளியையும் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினார். பொறுமையாகக் கேட்ட பாட்டி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி, உளி எங்கே?" என்றார். உலோகம் கூடாது என்பது தம் கலையின் நெறி என்றார் நண்பர். "உளி இல்லாமலா அம்மி கொத்த வந்தே?" என்றபடி பாட்டி திரும்ப, அம்மியும் பின்னாலேயே போயிற்று.

அதுவரை அசையாமல் அமர்ந்திருந்த பதினொரு பார்வையாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மூத்த நடிகை யார் என்று ஒருவர் கேட்டதற்கு, ஒத்திகை பல நாட்கள் நடந்ததாக நண்பர் அடக்கத்துடன் பதிலளித்தார்.