ஏற்காடு பஸ்ஸில் தெளிந்த நம்பிக்கை இடைவெளி

"நம்பிக்கை மட்டத்தை 95 சதவீதத்திலிருந்து 99 ஆக உயர்த்தினால் நம்பிக்கை இடைவெளி என்ன ஆகும்?" இளங்கலைப் புள்ளியியலில் வந்த இந்த இரண்டு மதிப்பெண் கேள்விக்கு, 'குறுகும்' என்று எழுதினேன். நம்பிக்கை இடைவெளி என்பது, எடுத்த சில அளவீடுகளைக் கொண்டு உண்மைச் சராசரியை மதிப்பிட நாம் தரும் கீழெல்லையும் மேலெல்லையும். நம்பிக்கை கூடினால் துல்லியமும் கூடும் என்று மனம் சொல்லியது. விடை தவறு. நம்மில் பலர் இடறும் இடம் இதுதான், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு வந்து படித்தேன். மாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு சேர எவ்வளவு நேரமாகிறது என்று 36 நாட்கள் நோட்டில் குறித்தேன். சராசரி 75 நிமிடம்; திட்ட விலக்கம், அதாவது ஒவ்வொரு நாளின் நேரமும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு, 12. அதை 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தால், இந்தச் சராசரியே எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழை 2 நிமிடம்.

இனி ஒவ்வொரு நம்பிக்கை மட்டத்துக்கும் இயல்நிலைப் பரவல் அட்டவணை தரும் எண்ணால் 2-ஐப் பெருக்கி, வந்ததை 75-இலிருந்து கழித்தும் 75-உடன் கூட்டியும் எல்லைகளைப் பெறுவதுதான் வேலை. 90 சதவீதத்துக்கு 1.645-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 71.7 முதல் 78.3 வரை. 95-க்கு 1.96, 71.1 முதல் 78.9 வரை. 99-க்கு 2.576; 69.8 முதல் 80.2 வரை. தரவு அதே 36 நாட்கள்தான், புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. தவறக்கூடாது என்று எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோமோ, அவ்வளவு அகலமாக வலை விரிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளி சராசரிக்கு உரியது, ஒரு நாள் பயணத்துக்கு உரியதன்று. முன்னால் சுமை லாரி போனால் பஸ் 95 நிமிடமும் எடுக்கும். என் நோட்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 71-க்கும் 79-க்கும் வெளியேதான் இருந்தன. இதில் தவறேதும் இல்லை.

விளக்கம் கேட்டால் கவனமாக எழுதுங்கள். 'உண்மைச் சராசரி 71.1-க்கும் 78.9-க்கும் இடையில் இருக்க நிகழ்தகவு 0.95' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1937-இல் வகுத்த பொருள் வேறு: இதேபோல் மீண்டும் மீண்டும் கூறு (என் 36 நாட்களைப் போன்ற அளவீட்டுத் தொகுதி) எடுத்து இடைவெளி அமைத்தால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மைச் சராசரியைப் பிடித்துவிடும். 95 என்பது முறைக்குத் தரும் சான்று. கையில் இருக்கும் ஒரே இடைவெளி பிடித்ததா, தவறவிட்டதா என்பது நமக்குத் தெரியாது.

அகலம் குறைய வேண்டுமானால் கூறின் அளவைக் கூட்டுங்கள். பாதியாகக் குறைக்க இருமடங்கு போதாது, நான்கு மடங்கு, அதாவது 144 பயணங்கள் வேண்டும். 95-க்குக் கிடைத்த அதே அகலத்தை 99-க்கும் கேட்டால் எத்தனை? கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 63.