கொம்பியூட்டர்காரனுக்கு எவ்வளவு சண்டைக்குணம் வேணும்?

ஊர் கட்டி, படை சேர்த்துச் சண்டை பிடிக்கிற ஸ்ட்ரடெஜி கேம் விளையாடுற ஆக்கள் ரெண்டு பேர் சந்திச்சா முதல் கதை "நான் ஹார்ட் லெவல்ல போட்டு வெண்டிட்டன்" எண்டுதான் வரும். எனக்கு அதைக் கேட்டா உடன வாற கேள்வி, சரி, எதிரியா நிக்கிற கொம்பியூட்டர்காரன் எத்தினையாவது நிமிஷத்தில உங்களை வந்து அடிச்சவன்? ஏனெண்டா கொம்பியூட்டர் பலமா இருக்கிறது ஒரு கதை, அவனுக்குச் சண்டைக்குணம் கூட இருக்கிறது வேற கதை, கனபேர் ரெண்டையும் ஒண்டா எடுத்துக் குழப்பிக்கொண்டுதான் ஒவ்வொரு கேமையும் நல்லம் கூடாது எண்டுறாங்கள்.

பழைய கேமில இருந்தே பாப்பம். 2000ல வந்த ரெட் அலர்ட் 2 ஞாபகம் இருக்கா, நெட் கஃபேல மணிக்கணக்குக் காசு குடுத்து, டியூசனுக்குப் போறன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டு விளையாடினது. அதில எதிரி ஈசி, மீடியம், புரூட்டல் எண்டு மூண்டு வகை. புரூட்டல் எண்ட பேரைக் கேட்டே பயப்பிடுவம், ஆனா வடிவா கவனிச்சா அவன் செய்யிறது ஒரே வேலைதான், முதலே எழுதி வச்ச மாதிரி இத்தினை டாங்க் இத்தினை ஆள் எண்டு ஒரு குழுவைச் சேர்க்கிறது, சேர்ந்த உடன அனுப்புறது, அதுவும் அனேகமா வந்த வழியாலயே திரும்பத் திரும்ப வாறது. அந்த வழியில நாலு ப்ரிசம் டவரை, அதுதான் கிட்ட வாறவனைச் சுடுற கோபுரம், கட்டிவிட்டா சரி, அவன் தன்ட காசை எல்லாம் உங்கட வாசல்ல கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பான். சண்டைக்குணம் கூடின எதிரி லேசான எதிரியா மாறுறது இப்பிடித்தான்.

அப்ப சும்மா அமைதியா இருக்கிற எதிரிதான் கஷ்டமோ எண்டா அதுவும் இல்ல. சண்டைக்குணம் எங்க உண்மையில கடிக்குது எண்டு எனக்கு விளங்கினது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2லதான், 2019ல வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். உவர்மலையில இருக்கிற என்ட சித்திட மகன் லீவு நாள்ல லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருவான், கொம்பியூட்டரை மொடரேட் லெவல்ல போட்டு வெண்டு வெண்டு அலுத்துப்போய் நேரா ஆக மேல இருக்கிற எக்ஸ்ட்ரீமுக்குப் போனவன். பக்கத்தில இருந்து பாத்தன். அவன் இன்னும் ரெண்டாவது ஏஜுக்கு (அடுத்த வளர்ச்சிக் கட்டத்துக்கு) வந்து வடிவா மூச்சு விடேல்ல, மூண்டு குதிரைக்காரன் வந்து மரம் வெட்டுற இடத்தில சுத்துறாங்கள். இவன் பதறிப்போய் டவுன் பெல்லை அடிச்சான். மரம் வெட்டினவன், வயல்ல நிண்டவன், தங்கம் தோண்டினவன், ஆடு உரிச்சவன் எல்லாரும் வேலையைப் போட்டுட்டு ஊரிட நடுக் கட்டடமான டவுன் சென்டருக்குள்ள ஓடி ஒளிஞ்சிட்டாங்கள். "அண்ணா, இவன் ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்க விடுறானில்ல." "டேய், மூண்டு குதிரைக்கு ஆரும் முழு ஊருக்கும் பெல் அடிப்பாங்களா, மரக்காரரை மட்டும் உள்ளுக்க எடு, மிச்சப்பேரை வேலை செய்ய விடு."

இதில பாருங்கோ, ஒரு விலேஜர், அதாவது வேலைக்காரன்கூட சாகேல்ல. ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தில வரவேண்டிய சாப்பாடு, மரம், தங்கம் ஒண்டுமே வரேல்ல, டவுன் சென்டரில அடுத்த விலேஜரைப் போடவும் தம்பி மறந்துபோனான், பெல்லைத் திருப்பி அடிச்ச பிறகு ரெண்டு பேர் வேலையில்லாம வெளியில நிக்கிறாங்கள், அதையும் அவன் கவனிக்கேல்ல. அந்தப் பக்கம் கொம்பியூட்டர் மூண்டே மூண்டு குதிரைக்குத்தான் செலவழிச்சவன். ஆளைக் கொல்லுறதை விட உங்கட கவனத்தை அங்க இங்க இழுக்கிறதுதான் அந்தக் குதிரைக்காரரிட வேலை. டெஃபினிட்டிவ் எடிஷன்ல கொம்பியூட்டருக்குக் களவா ரிசோர்ஸ் குடுக்கிறதில்ல, முந்தின கேமில ஹார்டெஸ்டுக்கு அப்பிடிக் குடுத்தவங்கள். களவு இல்லாமலே இப்ப அவன் கஷ்டமா தெரியிறான் எண்டா நேரத்தோட வந்து சுரண்டுறதும் அதுக்கு ஒரு முக்கிய காரணம்.

இந்தக் குணத்தை எப்பிடி எழுதுறாங்கள் எண்டு பாத்தா இன்னும் சுவாரசியம். இந்தக் கேமிட ஏஐ, அதாவது கொம்பியூட்டர் எதிரிட மூளை, ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில திறக்கலாம், சொந்தமா ஒண்டும் எழுதலாம். உள்ளுக்க இருக்கிறது எல்லாம் "இது நடந்தா இதைச் செய்" எண்டுற மாதிரி சட்டங்கள். ராணுவத்தில ஆக்கள் தொகை 10ஐத் தாண்டினா அட்டாக் பண்ணு எண்டு ஒரு வரி எழுதலாம். அந்த 10ஐ 40 ஆக்கினா அதே எதிரி நல்ல பிள்ளை மாதிரி நெடுநேரம் சத்தமில்லாம இருப்பான், பிறகு ஒரே அடியாப் பெருங்கூட்டமா வருவான். ராணுவத்தில எத்தினை வீதத்தை அனுப்புறது, ஆகக்குறைஞ்சது எத்தினை பேர் சேர்ந்தா ஒரு குழு எண்டதுக்கும் தனித்தனி நம்பர் இருக்கு. நாங்க கோபக்காரன் பொறுமைசாலி எண்டு நினைக்கிறது முழுக்க இப்பிடி நாலஞ்சு நம்பர்தான்.

நம்பரைச் சின்னதாக்கினா சின்னச் சின்னக் கூட்டமா வந்து உங்கட கோட்டைக்குக் கீழ செத்துக்கொண்டிருப்பான், தொடக்கத்தில பல்லைக் கடிச்சுத் தாங்கிட்டிங்க எண்டா பிறகு அவனிட்ட ஒண்டும் மிஞ்சாது. பெரிசாக்கினா உங்களுக்கு அரை மணித்தியாலம் சும்மா கிடைக்கும், அதில நீங்க மதில் கட்டி, பண்ணை போட்டு, அவனை விடப் பெரிசா வளர்ந்திடலாம். ரெண்டிலயும் ஓட்டை இருக்கு. தொடக்கத்தில கொஞ்சமாச் சுரண்டி, நடுவில அடங்கி வளர்ந்து, பிறகு திரண்டு வாறவன்தான் எனக்குப் பிடிச்ச எதிரி.

சில கேம்ல இந்த ரெண்டையும் பிரிச்சே வச்சிருக்கிறாங்கள், அதுதான் சரி எண்டது என்ட கருத்து. ஸ்டார்கிராஃப்ட் 2ல எதிரி எவ்வளவு கெட்டிக்காரன் எண்டது ஒரு தெரிவு, எப்பிடி விளையாடப் போறான் எண்டது இன்னொரு தெரிவு, தொடக்கத்திலயே பாயுறவனா, காசு சேர்க்கிறவனா, நேரா ஆகாயப்படைக்குப் போறவனா எண்டு சொல்லிவிடலாம். 2016ல வந்த விண்வெளிக் கேம் ஸ்டெலாரிஸ்லயும் அப்பிடித்தான், டிஃபிகல்டி ஒரு இடத்தில, ஏஐட சண்டைக்குணம் இன்னொரு இடத்தில. சிவிலைசேஷன் 6ல ஆக மேல இருக்கிற டீட்டி லெவல் இருக்கே, அங்க கொம்பியூட்டர் புது ஊர் அமைக்கிற செட்லர் மூண்டு பேரோட தொடங்குவான், நீங்க ஒண்டோட, அதோட அவன்ட படைக்குச் சண்டையில 4 பொயின்ட் வேற கூட. அது குணம் இல்ல, வெறும் சீதனம். அதே சிவிலைசேஷன் வரிசையில காந்தி அணுகுண்டு போடுற கதை எல்லாருக்கும் தெரியும், முதல் சிவிலைசேஷன்ல காந்திட சண்டைக்குணம் 1ல இருந்து சைபருக்கும் கீழ இறங்கப்போய், கணக்குப் பிழைச்சு 255 ஆகிட்டுது எண்டு நெட்ல இன்னும் சுத்துது. அது உண்மையில்ல எண்டு அந்தக் கேமைச் செஞ்ச சிட் மையரே 2020ல சொல்லிட்டார். ஆனா சிவிலைசேஷன் 5ல 10தான் உச்சம் எண்டிருந்த இடத்தில காந்திக்கு அணுகுண்டு ஆசையை 12 எண்டு பகிடிக்கு வேணுமெண்டே போட்டவங்கள்.

ஸ்டெலாரிஸ்ல சண்டைக்குணத்தை ஹைல வச்சு விளையாடிப் பாருங்கோ, கனபேர் எதிர்பாக்காத ஒண்டு நடக்கும். எல்லாரும் உங்களோடதான் சண்டைக்கு வருவாங்கள் எண்டு நினைச்சா அப்பிடி இல்ல, அவங்கள் தங்களுக்குள்ளயே அடிபடுவாங்கள். ஒரு கேமில எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தேய்ச்சு நோஞ்சானாப் போய், நீங்க ஓரமா இருந்து வளர்ந்தே வெல்லலாம், அடுத்த கேமில ஒருத்தன் பக்கத்து வீடு எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு வீங்கின உடம்போட உங்கட எல்லையில வந்து நிப்பான். அதே செட்டிங்தான், ஆனா ஆர் ஆருக்குப் பக்கத்தில பிறந்தவன் எண்டதைப் பொறுத்துக் கதை மாறும். 2009ல வந்த ஏஐ வோர் எண்ட கேம் இதை இன்னொரு விதமாச் செஞ்சது, நீங்க எவ்வளவு கோளைப் பிடிக்கிறிங்களோ அவ்வளவுக்கு எதிரிட கவனம் உங்களில திரும்பும், அதால எதைப் பிடிக்காம விடுறது எண்டு யோசிச்சுத்தான் விளையாடவேணும். மெனுவில வாற தெரிவை விட இது நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன்.

இவ்வளவு இருந்தும் எந்த நம்பரைக் கூட்டினாலும் கொம்பியூட்டருக்கு வராத ஒண்டு இருக்கு. எங்கட திருகோணமலைத் துறைமுகத்தையே எடுங்கோ. 1782 ஆகஸ்ட் கடைசியில பிரெஞ்சுக்காரன் சஃப்ரேன் வந்து கோட்டையைப் பிடிச்சது எப்ப? இங்கிலீஷ்காரன்ட கப்பற்படை மதராசில நிண்ட நேரம் பாத்து. அட்மிரல் ஹியூஸ் ஓடி வந்து சேர்ந்தது செப்டெம்பர் 2, அதுக்குள்ள கொடி மாறியாச்சு, அடுத்த நாள் கடல்ல பெரிய சண்டை நடந்தும் கோட்டை திரும்பக் கிடைக்கேல்ல. சஃப்ரேனுக்குத் தன்னட்ட எத்தினை கப்பல் இருக்கு எண்டதை விட எதிரி எங்க இல்ல எண்டதுதான் முக்கியமாப் பட்டிருக்கு. கொம்பியூட்டர் அனேகமாத் தன்ட ஆக்களை எண்ணிப்போட்டு வெளிக்கிடும், உங்கட படை வீட்டில இருக்கா வெளியில போயிட்டுதா எண்டு பாக்கிறது குறைவு. கடல் மப்ல இது இன்னும் மோசம், கப்பல் கப்பலாக் கட்டும், ஆனா ஆளை ஏத்தி இறக்குறதில தடுமாறும்.

அதால ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல கூட்டாளியாக் கொம்பியூட்டரைப் போட்டா, எப்ப வெளிக்கிடுறது எண்டு பாக்கிற வேலையை நானே எடுக்கிறனான். சாட்ல 36 எண்டு அடிச்சா, நான் சொல்லும்வரைக்கும் அட்டாக் பண்ணாத எண்டு அர்த்தம், 31 எண்டு அடிச்சா இப்ப போய் அடி எண்டு அர்த்தம். தம்பி ராஜேந்திர சோழன் கம்பெயின் முடிச்ச பிறகு திராவிடர் எண்ட நாட்டுக்காரரைத் தவிர வேற ஒண்டும் எடுக்க மாட்டான், 2022ல வந்தது, ஆக்கள் தமிழ்ல கதைப்பாங்கள், அதுக்காகவே. அவன் முன்னால போய் எதிரிட படையை ஒரு பக்கம் இழுத்து வைப்பான், நான் கூட்டாளிக்கு 36 போட்டு அடக்கி வச்சிருந்து எதிரிட ஊர் வெறுமையான உடன 31 அடிப்பன். கூட்டாளி சொன்ன உடன வெளிக்கிடுறதும் இல்ல, அங்க நிக்கிறவனைச் சேர்த்து இங்க நிக்கிறவனைச் சேர்த்துத்தான் வெளிக்கிடுவான், அதால நான் 31ஐக் கொஞ்சம் முந்தியே அடிச்சு விடுறனான், "அண்ணா இன்னும் வரேல்ல, இன்னும் வரேல்ல" எண்டு தம்பி பக்கத்தில இருந்து கத்திக்கொண்டிருப்பான்.