சோளகக் காற்றுக்குள் ஓர் ஓவர்க்ளொக்: 2500கேயை 4.2இல் நிறுத்தினேன்

விசுவமடுவில் எங்கள் வீடு சீற் போட்டது. ஆடி மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு என் அறையில் வெப்பமானி 36 பாகை காட்டும். யன்னலைத் திறந்தால் சோளகம் செம்மண்ணை அள்ளிவந்து மேசையில் கொட்டும், பூட்டினால் அறை அவியும். ஓவர்க்ளொக் பற்றி, அதாவது புரொசசரை அதன் இயல்பு வேகத்தை விடக் கூட்டி ஓட்டுவது பற்றி, நான் வாசித்ததெல்லாம் 20, 22 பாகை அறையில் இருந்தவர்கள் எழுதியவை. எங்கள் வெயிலில் அந்த எண்கள் நிற்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் யாராவது இதில் இறங்கினால் என் கொப்பியில் இருப்பது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கணினி பழசு. கொழும்பு யூனிற்றி பிளாசாவில் பாவித்த சாமானாக வாங்கினேன். புரொசசர் இன்டெல் கோர் ஐ5-2500கே, 2011 தை மாதம் வெளிவந்த சான்டி பிரிட்ஜ் வகை. இசட்68 மதர்போர்ட், 8 ஜிபி ராம். அடிப்படை வேகம் 3.3 கிகாஹேட்ஸ், தானாக வேகம் ஏறும் டர்போவில் 3.7 என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் 3.7 புரொசசரின் நான்கு கோர்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஒன்று மட்டும் வேலை செய்யும்போதுதான். நான்கும் சேர்ந்து உழைத்தால் 3.4. என் வேலைக்கு நான்கும் வேண்டும், அதனால் நான் உயர்த்த வேண்டியது 3.4ஐ.

வேலை என்னவென்றால், கோவில் திருவிழாக்களையும் பள்ளிக்கூட விழாக்களையும் படம் பிடித்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலில் எடுத்த 40 நிமிடப் பதிவை எக்ஸ்264 என்ற காணொளி மென்பொருளில் சுருக்க 62 நிமிடம் எடுத்தது. ஒரு திருத்தம் வந்தால் மறுபடி 62 நிமிடம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

பெயரின் கடைசியில் உள்ள ‘கே’ பெருக்கி பூட்டப்படவில்லை என்பதற்கான அடையாளம். அடிக் கடிகாரத்தைப் பெருக்கியால் பெருக்கினால் வருவதே புரொசசரின் வேகம்: அடிக் கடிகாரம் 100 மெகாஹேட்ஸ், பெருக்கி 42 என்றால் 4200. இந்த வகையில் அடிக் கடிகாரத்தைத் தொடவே கூடாது. பிசிஐ, சாட்டா போன்ற இணைப்புகள் எல்லாம் அதோடு பிணைந்திருப்பதால் நாலைந்து மெகாஹேட்ஸ் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க் வரை குழப்பம் போய்விடும். பெருக்கியும் வோல்டேஜும் மட்டும்தான் நம் கையில்.

தொடங்குமுன் இரண்டு வேலை செய்தேன். இன்டெல் கொடுத்த சின்னக் கூலரைக் கழட்டி, நான்கு வெப்பக் குழாய்களுள்ள ஹைப்பர் 212 கூலரைப் பூட்டினேன். பிறகு ராமை மட்டும் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளில் ஓர் இரவு ஓடவிட்டேன். ராமில் பிழை இருந்தால் அந்தப் பழியும் புரொசசரில் விழும், கிழமைக்கணக்கில் பிழையான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். இந்த இரவை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முதல் கிழமை எல்லாம் இலகுவாகப் போனது. ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, கொப்பியில் எழுது, சோதி. 40, 42, 44 என்று பெருக்கியை ஏற்றினேன். 44இல் விண்டோஸ் வருமுன்னே நீலத்திரை (கணினி பிழையோடு விழும்போது வரும் திரை), வோல்டேஜை 1.30க்கு உயர்த்தச் சரியானது. 45க்கு 1.33 தேவைப்பட்டது. இவையெல்லாம் வேலைச் சுமையில் சிபியு-இசட் மென்பொருள் காட்டிய அளவுகள். பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) நாம் எழுதும் அளவும் சுமையில் உண்மையில் கிடைக்கும் அளவும் ஒன்றல்ல. சுமை ஏற ஏற வோல்டேஜ் சற்று இறங்கும். அதை ஈடுகட்டும் லோட்-லைன் அமைப்பை நடு நிலையில் வைத்தேன். உச்சத்தில் வைத்தால், சுமை திடீரென விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை எந்த மென்பொருளும் காட்டாது.

4.5இல் பிரைம்95 என்ற சோதனை மென்பொருள் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய ஆறு மணி வரை ஓடியது. எட்டு மணித்தியாலம், ஒரு பிழையும் இல்லை. அறை 27 பாகை, புரொசசர் 75. பிரைம்95 முதலில் மெர்சென் முதன்மை எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்துக்காக எழுதப்பட்டது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செய்யவிட்டு ஒப்பிடுவதால் சிறு தவறையும் பிடித்துவிடும். அதில் தேறியதென்றால் முடிந்தது என்றே நம்பினேன். பொங்கல் பதிவு 47 நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த கிழமை மத்தியானம் அதே கணினி, அதே அமைப்பு. 23ஆவது நிமிடத்தில் நீலத்திரை, 124 இலக்கப் பிழை. சான்டி பிரிட்ஜில் அந்த இலக்கம் பெரும்பாலும் வோல்டேஜ் போதாது என்பதன் அறிகுறி. 1.36க்கு ஏற்றினேன். வெப்பம் 90ஐத் தொட்டது, 40 நிமிடத்தில் திரும்ப அதே பிழை.

அம்மா எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, உது மத்தியானத்தில மட்டும் இந்த இரைச்சல் போடுது?” என்று கேட்டார். ஃபான் சத்தத்தைத்தான் சொன்னார். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். இரவில் செய்த சோதனை இரவுக்கு மட்டும்தான்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. காற்றால் குளிர்விக்கும் கூலர் புரொசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையை விட இவ்வளவு மேலே என்றுதான் அதனால் பிடித்துவைக்க முடியும். 4.5இல் எனக்கு அந்த இடைவெளி 48 பாகை. அறை 27 என்றால் 75, 36 என்றால் 84. இந்தச் சிப் தன்னைக் காக்க வேகத்தைக் குறைப்பது 98 பாகையில்தான், ஆகவே 84 ஆபத்து இல்லை. ஆனால் சூடேறிய சிலிக்கனில் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், கசிவு மின்னோட்டமும் கூடும். இரவில் 1.33 போதுமாயிருந்த அதே வேகத்துக்கு மத்தியானம் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதைக் கொடுத்தால் சூடு இன்னும் கூடும். நான் 1.36 போட்டபோது நடந்தது அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் ஏறும். 4.2 கிகாஹேட்ஸை 1.24இல் ஓட்டுவதோடு ஒப்பிட்டால், 4.5ஐ 1.33இல் ஓட்டும்போது வேகம் 7 சதவீதம்தான் கூடுகிறது, வெப்பம் ஏறத்தாழ 23 சதவீதம் கூடுகிறது. நேரத்தில் பார்த்தால் 47 நிமிடத்துக்கும் 51 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். நான்கு நிமிடத்துக்காக இந்த வெயிலில் அதை வதைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கிடையில் வேறொரு தொல்லை. சில பின்னேரங்களில் நீலத்திரை இல்லாமலே கணினி பட்டென்று அணைந்து எழும்பியது. இதையும் ஓவர்க்ளொக்கின் மேல் போட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். பிறகு விண்டோஸ் நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். கேர்னல்-பவர் 41, பிழை இலக்கம் பூச்சியம். புரொசசர் சறுக்கியிருந்தால் பெரும்பாலும் ஓர் இலக்கம் விழுந்திருக்கும், பூச்சியம் என்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். நேரங்களைப் பார்த்தால் பக்கத்துக் காணியில் மாமா கச்சானுக்குத் தண்ணீர் இறைக்கும் நேரம். மோட்டர் எழும்பும்போது மீற்றரை வைத்துப் பார்த்தேன். 228 வோல்ட் 196க்கு விழுந்தது. அந்தக் கணத்தில் யூபிஎஸ் பட்டரிக்கு மாறும். பட்டரியோ செத்த நிலை, சும்மா இருக்கும் கணினியைத் தாங்கும், முழுச் சுமையில் தாங்காது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணிப் பட்டரி ஒன்றைப் புதிதாகப் போட்டதும் அந்தத் தொல்லை அடங்கியது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் மோட்டர் போட முதல் ஒருக்கா கூப்பிட்டுச் சொல்லவோ?” என்றார். வேண்டாம் மாமா, அதையும் தாங்கினால்தான் அது உறுதி என்றேன்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. 4.4இல், மத்தியானம், எந்த நீலத்திரையும் வராமல் முடிந்த பொங்கல் பதிவை இரவு போட்டுப் பார்த்தேன். கடல்நீரில் விளக்கெரிக்கும் காட்சியில் இரண்டு விநாடி பச்சைக் கட்டங்கள். மூலப் பதிவு சுத்தமாக இருந்தது. புரொசசர் எங்கோ ஒரு கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டு, விழாமல் தொடர்ந்து ஓடியிருக்கிறது. மூலப் பதிவை அழித்திருந்தால் அந்தக் காட்சி அப்படியே போயிருக்கும்.

அதன் பிறகு என் சோதனையையே மாற்றினேன். எக்ஸ்264 ஒரே அமைப்பில், ஒரே பதிவுக்கு, எத்தனை தரம் ஓட்டினாலும் ஒரு பிட்டும் மாறாத வெளியீட்டைத் தரும். ஆகவே முதலில் புரொசசரை இயல்பு வேகத்தில் வைத்து, ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைச் சுருக்கி, விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையால் அதன் ஹாஷை (கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) எடுத்துக் கொப்பியில் எழுதினேன். பிறகு ஓவர்க்ளொக்கில் அதே துண்டை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை திரும்பத் திரும்பச் சுருக்கி ஒவ்வொரு ஹாஷையும் ஒப்பிட்டேன். ஒன்று கவனிக்க வேண்டும்: எம்பி4ஆக எடுத்தால் சில மென்பொருட்கள் உருவாக்கிய நேரத்தையும் உள்ளே எழுதும், ஹாஷ் மாறிவிடும். வெறும் 264 ஓடையாக எடுக்க வேண்டும்.

4.4 இதில் இரண்டாம் நாளே தோற்றது. 4.3 நான்கு நாள் நின்றது, ஐந்தாம் நாள் ஒரு ஹாஷ் பிசகியது. அப்புறம்தான் 4.2, 1.24 வோல்ட். அறை 36, புரொசசர் 75. பத்து மத்தியானம், ஒரு பிசகும் இல்லை. நடுவில் மாமாவின் மோட்டர் எத்தனையோ தரம் எழும்பியது.

வோல்டேஜை நிலையாகக் கட்டாமல் ஓஃப்செற் முறையில் விட்டிருக்கிறேன், வேலையில்லாத நேரம் வேகமும் வோல்டேஜும் தாமாக இறங்கும். மூன்று கிழமைக்கு ஒரு தரம் கூலரின் தகடுகளுக்குள் அடைந்த மண்ணைத் தூரிகையால் தட்டுகிறேன். சோளகத்தில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன், 3 பாகை கூடியிருந்தது.

பயோஸில் இரண்டாவது இடத்தில் 4.4ஐயும் சேமித்து வைத்திருக்கிறேன். மார்கழியில் வாடை அடித்து அறை 24க்கு இறங்கும்போது அதே ஐந்து நிமிடத் துண்டோடு அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு 4.2இல் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் 19 நிமிடம் காட்டுகிறது.