லெந்து நாட்குறிப்பு: விடாமல் கேட்பது எப்படி

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து இன்று தொடங்குகிறது. ஈஸ்டர் ஏப்ரல் 20. இடையில் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரைக்கும், தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தமிழ் சபைகளில் முதல் வாரம் சாயங்கால ஜெபத்துக்குப் பெஞ்சு நிறையும். மூன்றாம் வாரத்தில் பாதி காலியாகிவிடும். சோம்பல் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு: என்ன கேட்கிறோம் என்று தெளிவில்லாமலே தொடங்குகிறோம். "எல்லாரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று கேட்டவருக்கு, கேட்டது கிடைத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அது தெரியாவிட்டால் விடாமல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டு. கோடு போட்ட 80 பக்க நோட்டு போதும். பக்கத்தை நாலு பத்தியாகப் பிரிக்கவும்: தேதி, விண்ணப்பம், அதற்கு ஆதாரமான வசனம், நடந்தது. கடைசிப் பத்தி அகலமாக இருக்கட்டும், அதில்தான் அதிகம் எழுத வேண்டிவரும். விண்ணப்பம் ஒரே வாக்கியம். யாருக்கு, என்ன நடக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். "குடும்ப சமாதானம்" என்று எழுதினால் பத்தாது. "அண்ணனும் தம்பியும் சொத்து வழக்கை விட்டுப் பேசித் தீர்க்க வேண்டும்" என்று எழுதினால் சரி.

ஒரு நாளைக்கு ஏழு விண்ணப்பத்துக்கு மேல் வேண்டாம். பத்தைத் தாண்டினால் ஆஜர் பட்டியல் வாசிப்பதுபோல ஆகிவிடும். அதிகம் இருந்தால் கிழமைக்குப் பிரித்துவிடுங்கள்.

7 மார்ச், வெள்ளி

லூக்கா 18. விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும். அவள் விடாமல் வந்து கேட்டதால் அவன் கடைசியில் நியாயம் செய்கிறான். விடாப்பிடியான ஜெபம் என்றால் எல்லாரும் முதலில் எடுக்கும் உவமை இது. அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். "தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தால் தேவன் கடைசியில் இறங்கிவிடுவார்" என்று கன்வென்ஷன் மேடையிலேயே சொல்கிறார்கள். உவமை போகும் திசை வேறு. அந்த நியாயாதிபதி தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதிக்காதவன். அவனே நியாயம் செய்தான் என்றால், தம்முடையவர்களை நேசிக்கிற தேவன் எவ்வளவு அதிகமாகச் செய்வார் என்பதே கேள்வி. தேவன் அவனைப்போல் இல்லை என்பதால்தான் கேட்கச் சொல்கிறார்.

லூக்கா 11-இல் நடுராத்திரியில் மூன்று அப்பம் கேட்டுக் கதவைத் தட்டுகிறவனும் இப்படித்தான். அவன் தனக்காகக் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்த வழிப்போக்கனுக்காகக் கேட்கிறான். நோட்டைத் திறந்து பாருங்கள். ஏழில் எத்தனை அடுத்தவருக்காக?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த விதவை வீட்டுக்குள் முழங்காலில் மட்டும் இருக்கவில்லை. நியாயஸ்தலத்துக்கு நடந்துபோனாள், திரும்பத் திரும்பப் போனாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருக்கும் பெண்ணிடம் "ஜெபித்துப் பொறுத்துக்கோ மக்களே" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த உவமையை ஒழுங்காக வாசிக்கவில்லை. அவளுக்காக ஜெபிக்கவும் வேண்டும், பாதுகாப்பான வீட்டில் சேர்க்கவும் வேண்டும், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போகவும் வேண்டும்.

10 மார்ச், திங்கள்

மூன்றாவது பத்தி, அதாவது வசனம், எதற்கு?

1 இராஜாக்கள் 18-இல் எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் மழைக்காகக் குனிந்து ஜெபிக்கிறார். வேலைக்காரனை ஏழு தரம் கடல் பக்கம் பார்க்க அனுப்புகிறார். ஏழாம் தரம் உள்ளங்கை அளவு மேகம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே மழையைக் கட்டளையிடுவேன் என்று கர்த்தர் சொல்லியாகிவிட்டது. ஆறு தரம் ஒன்றும் இல்லை என்று கேட்டும் அவர் எழுந்துபோகாததற்கு அந்த வாக்குதான் அடிப்படை.

ஆனால் வசனத்தை எப்படி எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த (வருஷத்துக்கு ஒரு வசனம்) அட்டையை அப்படியே நோட்டில் ஒட்டிவிடுவார்கள். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்துக்கு முந்தின வசனம் பாபிலோனில் 70 வருஷம் என்று சொல்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதை வாசித்தவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்புவதைப் பார்க்கவே மாட்டார்கள். அது தெரியாமல் மூன்று மாதத்தில் வேலை கிடைக்கும் என்று பிடித்துக்கொண்டால், நாலாம் மாதத்தில் விசுவாசமே ஆட்டம் காணும். எந்த வசனத்தை எடுத்தாலும் முன்னால் பத்து, பின்னால் பத்து வசனம் வாசித்துவிட்டு எழுதுங்கள். யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று ஒரு வரி குறித்தால் இன்னும் நல்லது.

13 மார்ச், வியாழன்

நேரம். 20 நிமிஷம் வைத்துக்கொள்ளலாம்: மூன்று நிமிஷம் பேசாமல் உட்காருதல், ஐந்து நிமிஷம் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தல், பத்து நிமிஷம் நோட்டு, மிச்சம் ஸ்தோத்திரம். சத்தமாக வாசிப்பது தூக்கத்துக்கு நல்ல மருந்து. போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். பைபிள் ஆப்பில் வாசிக்கிறேன் என்று எடுத்தவர் அஞ்சாம் நிமிஷம் வாட்ஸ்அப்பில் இருப்பார்.

அதிகாலை ஐந்து மணி எல்லாருக்கும் ஒத்துவராது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இப்போது இலை உதிர்ந்து தளிர்க்கும் காலம், பல தோட்டத்தில் வெட்டு நிறுத்தம். அதனால் லெந்தில் காலை ஜெபம் ஜோராக நடக்கும். வெட்டு மறுபடி தொடங்கியதும் முறிந்துவிடும். மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியவர் ஐந்து மணிக்கு எங்கே உட்காருவது? அவர்களுக்குச் சரியான நேரம், கடைசி மரம் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் சொட்டி நிற்கும் வரை காத்திருக்கும் அந்த இடைவேளை. அதை இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு வேதாகமம் கொண்டுபோனால் நனையும், அழுக்காகும். சங்கீதம் 121 எட்டே வசனம், மனப்பாடம் செய்துவிடலாம்.

16 மார்ச், ஞாயிறு

ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண்வார்த்தையா? ஆராதனை முடிந்து படியிறங்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மத்தேயு 6:7 அலப்பாதேயுங்கள், அதாவது வீணாகப் பேசிக்கொண்டே போகாதிருங்கள், என்று தடுக்கிறது. அதே மத்தேயு 26:44-இல் இயேசு கெத்செமனேயில் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபிக்கிறார். ஆக, திரும்பச் சொல்வதில் குற்றமில்லை. அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைப்பதைத்தான் ஆண்டவர் தடுக்கிறார்.

ஆயிரம் துதி வரிகள் உள்ள ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்துக்கும் இதே அளவுகோல்தான். நூறு சொல்லி மனம் ஒரு வரியில் நின்றால் அங்கேயே நிற்கலாம். ஆயிரத்தை முடித்தால்தான் காரியம் வாய்க்கும் என்று ஓட்டமாக ஓடினால் அது 6:7.

21 மார்ச், வெள்ளி

உபவாசம். கேட்பவர்கள் பெரும்பாலும் "21 நாள் தானியேல் உபவாசம்" பற்றித்தான் கேட்கிறார்கள். தானியேல் 10-ஐ நிதானமாக வாசிக்க வேண்டும். அவர் மூன்று வாரம் முழுப் பட்டினி இருக்கவில்லை. ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டிருந்தார். 12-ஆம் வசனத்தில் தூதன், முதல் நாளிலேயே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டது என்கிறான். 21 என்ற எண்ணுக்குள் சக்தி ஒன்றும் இல்லை. பதில் புறப்பட்டுவிட்டது என்று தெரியாமலே அவர் காத்திருந்தார்.

செய்கிறவர்களுக்கு: முதல் தடவை ஒரு வேளை மட்டும் விடுங்கள். காப்பி, சாயா பழக்கம் உள்ளவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே அளவைக் குறைத்துவர வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்து, அதைச் சாத்தானின் போராட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். தண்ணீரை விடக்கூடாது. முடிக்கும்போது கஞ்சியும் பயறும், அதுவும் கொஞ்சம். வெறும் வயிற்றில் பொரித்த மீனும் பிரியாணியும் போட்டால் ராத்திரி முழுவதும் அவஸ்தை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் சாப்பாட்டை விட வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் டிவியையோ சீரியலையோ விடட்டும். ஏசாயா 58-இல் கர்த்தர் கேட்கும் உபவாசம் பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வது. விட்ட சாப்பாட்டின் காசு யாருக்குப் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

27 மார்ச், வியாழன்

திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் குடும்பங்களுக்காக ஜெபிக்காத குழு இந்தப் பகுதியில் இருக்காது. அப்படி ஜெபிக்கும்போது மூன்று காரியத்தில் கவனம் வேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஜெபக்காரருக்கும் இல்லை. சாகும் நிலையில் இருந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே 2 இராஜாக்கள் 20-இல் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். ஜெபமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

குணமாகும் முன்பே "குணமானேன்" என்று சாட்சி சொல்லவைப்பது அடுத்தது. அடுத்த ஸ்கேனில் வேறு மாதிரி வந்தால், நோயோடு சேர்த்து வெட்கத்தையும் அந்த மனுஷி சுமக்க வேண்டும். பாவம், அவள்மேல் "விசுவாசம் போதவில்லை" என்ற பழியும் விழும்.

மூன்றாவது வாட்ஸ்அப். முழுப் பெயர், நோய், ஆஸ்பத்திரி வார்டு எல்லாம் போட்டு "அவசர ஜெப விண்ணப்பம்" என்று அனுப்பினால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தால் அதுவும் கெடும். முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். "நம் சபையில் ஒரு சகோதரி" என்று போட்டாலே போதும், தேவனுக்கு விலாசம் தெரியும்.

3 ஏப்ரல், வியாழன்

நாலாவது பத்தி காலியாகவே கிடந்தால்?

"ஆம், இல்லை, பொறு, இந்த மூன்றில் ஒன்றுதான் பதில்" என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்குப் போதாது. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை, அதாவது தம்மை வாட்டிய ஒரு வேதனையை, எடுத்துப்போடும்படி மூன்றுதரம் கேட்டார் (2 கொரிந்தியர் 12). முள் நீங்கவில்லை, ஆனால் என் கிருபை உனக்குப் போதும் என்று ஒரு வார்த்தை வந்தது. எபிரெயர் 5:7 இதைவிட ஆழம்: கண்ணீரோடு ஜெபித்த இயேசு கேட்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது, நீங்கவேண்டும் என்று அவர் கேட்ட பாடுகளின் பாத்திரமோ நீங்கவில்லை.

நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்து, கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையை இங்கே எல்லாச் சபையாருக்கும் தெரியும். துயரத்தோடு இருந்த அவருக்குத் திருவிதாங்கூர் படையில் இருந்த ஐரோப்பிய அதிகாரி டிலனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749-இல் சிறை, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குச் சொல்லப்பட்ட யோபுவைத்தான் காலியான பத்தியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். 42 அதிகாரத்தில் 38-ஆவது அதிகாரத்தில்தான் கர்த்தர் பேசத் தொடங்குகிறார்; பேசியும் காரணம் சொல்வதில்லை. ஆனால் 42:7-இல், அழகாக விளக்கம் சொன்ன சிநேகிதர்மேல் கோபம் மூளுகிறது. முறையிட்டு வாதாடின யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்கிறார். முறையிடுவது அவிசுவாசம் என்று யாராவது வாயை அடைத்தால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

முறையிடத் தெரியாதவர்கள் சங்கீதம் 13-ஐ மாதிரியாக வைத்து எழுதிப் பழகலாம். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஐந்தாம் வசனத்துக்கு வர மனம் ஒப்பவில்லை என்றால் நாலில் நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது. அதுவும் வேதாகமத்தில் இருக்கிறது.

8 ஏப்ரல், செவ்வாய்

குடும்ப ஜெபம், சுருக்கமாக. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பாட்டி தமிழில் ஜெபிப்பார், பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்க மலையாளம்தான் வரும். பிள்ளையை மலையாள வேதாகமத்தில் வாசிக்க விடுங்கள், பாட்டி தமிழில் ஜெபிக்கட்டும். தடுமாறித் தமிழ் வாசிக்கவைத்து, அதை நாலு பேர் திருத்தினால் பிள்ளை அடுத்த நாள் படிப்பு இருக்கிறது என்று எழுந்துபோய்விடும். பத்து நிமிஷம் போதும். வாரம் ஒருநாள் விசுவாசப்பிரமாணத்தில் ஒரு வரியை எடுத்து "இதற்கு என்ன அர்த்தம்?" என்று பிள்ளையைக் கேட்க விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்கலாம்.

ஐயர் வந்தால்தான் ஜெபம் என்ற பழக்கமும் போக வேண்டும். 1806-இல் இந்தப் பகுதிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1816-இல் புறப்பட்டுப்போனார்; அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்தது 1818-இல். இடைப்பட்ட காலத்தில் மயிலாடியில் சபையை நடத்தியது உள்ளூர்க்காரரான வேதமாணிக்கம்.

14 ஏப்ரல், திங்கள்

வரும் பெரிய வியாழன், இயேசு கெத்செமனேயில் ஜெபித்ததை நினைக்கும் ராத்திரி, விழித்திருந்து ஜெபிக்கும் ஏற்பாடு. பத்து மணி முதல் நாலு மணி வரை ஆறு மணி நேரம், மணிக்கு ஒரு குழு, குழுவுக்கு நாலு பேர். எல்லாரையும் ஆறு மணி நேரமும் உட்காரவைத்தால் இரண்டு மணிக்கு மேல் பாட்டு மட்டும்தான் நடக்கும், ஜெபம் நடக்காது. ஒருமணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்றுதான் ஆண்டவரும் கேட்டார். ஒவ்வொரு மணியும் ஒரே வரிசை: மத்தேயு 26:36–46 வாசிப்பு, ஐந்து நிமிஷம் அமைதி, விண்ணப்பங்கள், கர்த்தருடைய ஜெபம். பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது, சட்டமும் அதுதான், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கும். மறுநாள் காலை வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பத்து மணி குழுவைக் கொடுங்கள். தனியாக வரும் பெண்களை யார் வீட்டில் கொண்டுவிடுவது என்று முன்பே பெயர் எழுதிவிட வேண்டும்.

நோட்டை எல்லாரும் கொண்டுவரட்டும். பதில் வந்த வரிகளைச் சத்தமாக வாசித்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். வராத வரிகளை ஈஸ்டருக்கு அடுத்த திங்கள், புதுப் பக்கத்தில் கையாலேயே திரும்ப எழுத வேண்டும். எழுதும்போது வாக்கியம் மாற வேண்டும் என்று தோன்றினால் மாற்றலாம். பழைய தேதியை மட்டும் மாற்ற வேண்டாம்.