நெய்த முகம்

கலிபோர்னியா கலைக் கல்லூரியில் 1976 முதல் நெசவுக்கலை கற்பித்து வந்த பேராசிரியர் லியா குக்கின் படைப்புகளை இரண்டு நாள்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம் குழந்தைப் பருவப் புகைப்படங்களைக் கணினியில் புள்ளிகளாகப் பிரித்து, நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியே உயர்த்தக்கூடிய மின்னணு ஜக்கார்டு தறியில், குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கையாலேயே செலுத்தி, மிகப் பெரிய பருத்தித் துணிகளாக அவர் நெய்திருக்கிறார். தள்ளி நின்றால் ஒரு சிறுமியின் முகம் தெரிகிறது. நெருங்கினால் முகம் கரைந்து நூல்களின் பின்னல் மட்டுமே எஞ்சுகிறது. நான் அவற்றைத் திரையில்தான் பார்த்தேன் என்பது பெருங்குறை.

புகைப்பட முகத்தைக் காணும்போதும் நெய்த முகத்தைக் காணும்போதும் மூளை வெவ்வேறு விதமாக இயங்குகிறதா என்று அறிய, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் நரம்பியல் ஆய்வாளர்களுடன் அவர் சேர்ந்து பணியாற்றினார். அதன்பின், ஸ்கேன் வழியே கிடைத்த தம் மூளையின் நரம்புப் பாதை வரைபடங்களையே முகத்தின்மேல் ஏற்றி நெய்துவிட்டார். நரம்பிழை, நூலிழை என்று இரண்டுக்கும் இழை என்னும் ஒரே சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். அவருடைய துணியிலோ இரண்டும் ஒரே பாவில் ஓடுகின்றன.