எந்தக் கட்டத்தில் தட்டுகிறது?

"நூறு இடத்துக்குப் போட்டாச்சு, ஒரு கால்கூட வரல." வேலை தேடுபவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. விசாரித்தால், நூறு இடத்துக்கும் ஒரே ரெஸ்யூம் போயிருக்கும்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் வாங்கிப் பிரிப்பது மென்பொருள்தான். பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவம், டேபிள், படமாகப் போட்ட எழுத்து, ஹெடரில் வைத்த போன் நம்பர் எல்லாம் அதில் சிதறிப்போகலாம். சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிடிஎஃப்பில் உள்ள எழுத்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வேலையின் தேதி வந்து நின்றால், வடிவத்தை மாற்றியே ஆக வேண்டும். ஒன்றுமே ஒட்டவில்லையா, அது வெறும் படம்.

அடுத்து, வரிகள். "கிடங்கு நிர்வாகப் பொறுப்பு வகித்தேன்" என்பதில் படிப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. "4 பேர் குழுவுடன் 1,200 வகைச் சரக்குகளைக் கவனித்தேன், மாதாந்திர இருப்புக் கணக்கை வாராந்திரமாக மாற்றியதில் கணக்கில் வராத சரக்கு பாதியாகக் குறைந்தது" என்று எழுதினால், இன்டர்வியூவில் முதல் கேள்வி அங்கிருந்தே பிறக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று விளக்க முடியாவிட்டால் மட்டும் எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

ஒரு எக்செல் தாள் அவசியம்: தேதி, நிறுவனம், பதவி, அனுப்பிய ரெஸ்யூமின் பெயர், என்ன ஆனது. விளம்பரத்தையும் அன்றே சேமித்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது அது தளத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், என்ன கேட்டிருந்தார்கள் என்பதே நினைவில் இருக்காது.

கோளாறு எங்கே என்பதையும் இந்தத் தாள்தான் காட்டும். இருபது முப்பது விண்ணப்பங்களுக்கு அழைப்பே இல்லை என்றால் ரெஸ்யூமையோ, தேர்ந்தெடுக்கும் பதவிகளையோ பாருங்கள். அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே நின்றால், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கான இரண்டு நிமிடப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கடைசிச் சுற்றுவரை போய் நழுவினால் ரெஸ்யூமைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. சம்பள எதிர்பார்ப்பு பொருந்தியதா, அவர்கள் குழுவின் சிக்கலைப் பற்றி நாம் ஏதாவது கேட்டோமா என்று யோசியுங்கள்.

ரெஃபரல், அதாவது தெரிந்தவரின் பரிந்துரை, கேட்கப் பலருக்குக் கூச்சம். பழைய அலுவலகத்தில் பக்கத்துத் துறையில் இருந்தவர், எப்போதோ பேசிய கல்லூரி சீனியர் போன்றவர்களிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். "ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டால் அந்தத் தெரிந்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. பதவியின் பெயர், லிங்க், அப்படியே ஃபார்வர்டு செய்யத்தக்க மூன்று வரி அறிமுகம் ஆகியவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள்.

"செலக்ட் ஆயிட்டீங்க" என்று போனில் சொன்னதும் பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் இருக்கும் வேலையையே விட்டுவிடுகிறார்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய ஆஃபர் கடிதம் கைக்கு வரும்வரை மற்ற இன்டர்வியூக்களைத் தள்ளிப்போட வேண்டாம்.