எட்டுப் போட்டால் போதுமா?

18 வயது முடிந்ததும் எல்.எல்.ஆர்., 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் பைக் லைசென்ஸ். நேற்றுவரை பின்சீட்டில் லைசென்ஸ்காரர் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த பையன், இன்று கூட்டாளியை ஏற்றிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினாலும் சட்டம் தடுக்காது.

நியூசிலாந்து 1987லேயே எல்.எல்.ஆருக்கும் முழு லைசென்ஸுக்கும் இடையில் ஒரு படி வைத்துவிட்டது. அந்தக் கட்டத்தில் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்டவர்கள் கார் ஓட்டிப் பழகிய 120 மணி நேரத்தைக் குறிப்பேட்டில் காட்ட வேண்டும். நம் சட்டத்தில் இந்தப் படி இல்லை. வீடுதான் வைக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் பகல், காய்ந்த ரோடு, தனி ஆள். அடுத்துதான் மழை. டிராக்டரின் கேஜ் வீல் (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) வயலிலிருந்து இழுத்துவரும் களிமண் தார்மேல் காய்ந்து கிடக்கும். முதல் தூறலில் சோப்புதான். சம்பா அறுவடையில் ரோட்டில் காயும் நெல் அதைவிட மோசம். மணிகள் டயருக்கு அடியில் உருளும், பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கி ஆள் கீழே. நெல்லுக்கு முன்பே ஆக்சிலேட்டரைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். இதை எந்த எட்டும் சோதிப்பதில்லை.

இரவு கடைசியில். பின்விளக்கு இல்லாத டிரெய்லர், கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசையாக நிற்கும் லாரி. 60 கி.மீ. வேகத்தில் கண்ணில் பட்டு பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடி, அதற்குள் 25 மீட்டர் போயாகிவிடும். வண்டி நிற்க இன்னும் ஏறத்தாழ 24. டிம் லைட்டில் 40 மீட்டர் தெரிந்தாலே பெரிது. 40 கி.மீ.யில் போனால் மொத்தமே 27 மீட்டர்.

கூட்டாளியை ஏற்றுவது ஆறு மாதம் கழித்துத்தான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். வாய்க்கால் கரை வளைவில் முன்பக்கம் லேசாகும். உசுப்பேற்றும் வாய் ஒன்று கூடுவது தனிக்கணக்கு.

‘டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்தானே, பத்தாவது படிக்கிறவன் உரமூட்டை எடுத்துவரட்டும்’ என்பவர்களுக்கு: 16 வயதுக்குச் சட்டம் விடுவது 50 சிசி வரைதான், எக்ஸ்எல் 100 வண்டி 99.7 சிசி. அவன் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, ஆர்.சி. ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.